தவிட்டுக்கு வாங்கியவர்

திண்டுக்கல்லில் ஓடும் குட்டியானை லோடு வண்டிகளில், கண்ணாடிக்குப் பின்னால் சாமி படம் இல்லாத வண்டி ஒன்றைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாகல்நகரில் நாங்கள் குடியிருந்த சந்தில், எதிர்வீட்டு வாசலில் அது நிற்கும். முருகன் இல்லை, மாதா இல்லை, பிறை இல்லை. முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடவில்லை. ஆயுத பூஜை அன்று சந்தில் இருக்கிற சைக்கிள் வரைக்கும் சந்தனமும் பொட்டுமாக நிற்கும்போது, அந்த வண்டி மட்டும் கழுவிவிட்ட ஈரத்தோடு மொட்டையாக நிற்கும்.

அதை ஓட்டியவரை எல்லோரும் வண்டியக்கா என்றார்கள். நான் அக்கா என்று மட்டும் கூப்பிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்; அவர் அதை விரும்பமாட்டார். விரும்புவாரோ என்னவோ. எதையும் இப்படி இரண்டாக நினைப்பது என் பழக்கம். அதற்காக அவரிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டி, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். விடியும் முன்பே கிளம்பி, ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் தோட்டம் தோட்டமாகக் காய் ஏற்றி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவார். கிளம்புவதற்கு முன் ஒரு இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டி, குனிந்து, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். எங்கள் சந்தில் பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்தோம்.

குடிவந்த புதிதில், ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டாவது வைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

"ஆயில் மாத்திட்டேன், டீச்சரு. அதுக்கு அது போதும்" என்றார். நான் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வேன் என்று பட்டிருக்க வேண்டும். "எனக்கும் சாமிக்கும் சண்டையெல்லாம் இல்ல. பேச்சுவார்த்த இல்ல, அம்புட்டுதான். அவரு சோலி அவருக்கு, எஞ்சோலி எனக்கு."

அவருடைய சோலிக்கு ஒரே சட்டம்தான். ஏற்றிய லோடைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்காமல் திரும்பக் கூடாது. மழை, பஞ்சர், சாலை மறியல், தன் காய்ச்சல் எதுவும் அதற்குக் காரணமாகாது. தக்காளி விலை விழுந்திருந்த ஒரு பங்குனியில், பாதி வழியில் தோட்டக்காரர் போன் செய்து, மார்க்கெட்டில் எடுக்க ஆளில்லை, ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்துவிடு என்றாராம். அக்கா கொட்டவில்லை. கடை கடையாக, ஹாஸ்டல் ஹாஸ்டலாகக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடும் பந்தல் ஒன்றில், ரசத்துக்கு ஆகும் என்று மொத்தமாக இறக்கிக்கொண்டார்கள். பந்தல் நடத்திய பெரியவர் சந்தோஷத்தில் திருநீற்றை எடுத்துக்கொண்டு அக்காவின் நெற்றிக்கு வந்திருக்கிறார். அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு விலகிவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போதும் அவருக்குக் கோபம் அடங்கவில்லை.

"நான் சாமிக்கா குடுத்தேன்? தக்காளிக்கு எடம் தேடுனேன். அதுக்குப் போயி துன்னூறு பூச வாராரு."

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அக்காவைச் சொல்ல முடியாது.

நான் வேதியியல் படித்து, பி.எட். முடித்து, ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டு பாடம் எடுத்தேன். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். நெஞ்சில் எப்போதும் ஒரு இழுப்பு, ஒரு விசில் சத்தம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கணவருக்குக் கரூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நானும் பாப்பாவும் அவளுடைய மூச்சும்தான். அவள் மூக்கின் அருகில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காற்று படும். படவில்லையோ என்று தோன்றும். மறுபடி வைப்பேன்.

யார் எதைச் சொன்னாலும் செய்தேன். வீட்டுக்காரம்மா தன் சர்ச்சிலிருந்து மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தார். இன்னொரு வீட்டில் தர்காவுக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கி வந்தார்கள். பழனித் திருநீறு ஏற்கெனவே இருந்தது. எண்ணெயைத் தடவினேன், கயிற்றைக் கட்டினேன், திருநீற்றைப் பூசினேன். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. மறுக்கும் துணிச்சலும் இல்லை. நான் எந்தச் சாமியையும் தேடவில்லை. எதையும் விட்டுவிட்டதாக இருக்கக் கூடாது என்ற பயம் மட்டும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அகரத்திலிருந்து என் மாமியார் வந்தார். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்றார். அவர்கள் வீட்டில் தங்காத பிள்ளைகளுக்கு அப்படிச் செய்வது வழக்கம். அரிசி புடைக்கிற சொளகில் பிள்ளையைப் போட்டு வாசலில் வைப்பார்கள். நாலு பிள்ளை பெற்றுத் திடமாக வளர்த்த ஒருத்தி தெருப்பக்கமிருந்து வந்து, ஒரு கை தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். அத்தோடு பிள்ளை அவளுடையது. இந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்த நோய் வழி தெரியாமல் போய்விடுமாம். விளக்கு வைப்பதற்குள் தவிட்டோடு வெல்லமும் சேர்த்துக் கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். படித்தவளாக நான் மறுத்திருக்கலாம். மருமகளாக மறுக்கவில்லை. ஒருவேளை பலித்துவிட்டால் என்று உள்ளே ஒரு ஓரத்தில் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

வாங்குவதற்குத் தாடிக்கொம்பிலிருந்து ஒரு சொந்தக்காரப் பெண் வருவதாக ஏற்பாடு. பாப்பாவைச் சொளகில் கிடத்திய பிறகு போன் வந்தது, அந்தம்மாவுக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டதாம். நல்ல நேரம் முடிந்துகொண்டிருந்தது. அத்தை வாசலில் நின்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே குட்டியானைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏத்தா, செத்த நேரம் இங்க வா. இந்தப் பிள்ளைய வாங்கிக்க."

அக்கா வெளியே வந்தார். கை முழுக்க கிரீஸ். எதற்கு என்று கேட்டார். அத்தை விளக்கினார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, சொளகைப் பார்த்தார்.

"வாங்குனா பிள்ள எனக்கா?"

"ஒரு பேச்சுக்குத்தான் ஆத்தா. பொழுது சாய நாங்க திருப்பி வாங்கிக்கிருவோம்."

"பேச்சுக்கு லோடு ஏத்துற பழக்கம் எங்கிட்ட இல்ல, பெரியம்மா. ஏத்துனா ஏத்துனதுதான்."

அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கவனம் கடிகாரத்தில் இருந்தது. அக்கா குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். அத்தை கொடுத்த தவிட்டை வாங்கி என் முந்தானையில் போட்டார். பிறகு குனிந்து பாப்பாவைத் தூக்கினார். சின்னப் பிள்ளையைத் தூக்கிப் பழகாத கைகள். மேட்டில் ஏறும் வண்டியில் முட்டைத் தட்டைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தார். அவளுடைய நெஞ்சில் காதை வைத்தார். டயருக்கு வைப்பாரே, அதே மாதிரி.

"காத்து கம்மியா ஏறுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. அதற்குள் அவருடைய போன் அடித்தது, ஏதோ தோட்டத்தில் காய் பறித்துக் காத்திருந்தார்கள். பாப்பாவை என்னிடம் நீட்டினார். "வச்சிருங்க. சாயங்காலம் வாரேன்." தன் பொருளை ஒரு வீட்டில் கொடுத்துவைக்கிற குரல்.

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை. மார்க்கெட்டில் கேரளா லாரி ஏதோ தாமதமாகி, இறக்கிவிட்டு வர மறுநாள் ஆகிவிட்டது. விளக்கு வைத்த பிறகும் வெல்லத்தோடு காத்திருந்த அத்தை, மறுநாள் காலை அவரைக் கண்டதும் எழுந்து போனார். அக்கா வெல்லத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். அப்படியேதான் என்றேன்.

"அப்ப எப்பிடித் திருப்பித் தாரது?" என்றார் அத்தையிடம். "ஏத்துறப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே திருப்புனா, நடுவுல நான் எதுக்கு? தேறட்டும். அப்பறமாத் தாரேன்."

அத்தை போனை எடுத்து, அகரத்தில் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தார். வாங்கிய பிள்ளையைத் தரமாட்டேன் என்ற ஒருத்தியை யாரும் கண்டதில்லை. அதற்கு என்ன செய்வது என்று வழக்கத்தில் சொல்லப்படவும் இல்லை. கூப்பிடக் கூடாத ஆளைக் கூப்பிட்டுவிட்டோம் என்று ஊருக்குப் போகும்வரை புலம்பினார்.

அக்கா அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. லோடு இறக்கிவிட்டு வந்ததும் கை கழுவிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். பால் குடித்தாளா, எவ்வளவு குடித்தாள், கக்கினாளா, சளி இளகியதா. எனக்கு எரிச்சலாக இருந்தது. டாக்டர் தவிர யாருக்கும் நான் இத்தனை பதில் சொன்னதில்லை. இன்ஹேலரை மாஸ்க்கோடு பாப்பா முகத்தில் வைத்து அழுத்தியதைப் பார்த்த முதல் நாள், "எம்பிள்ளைய மூச்சு முட்ட வைக்கிறீங்களே" என்று கையைப் பிடித்துவிட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்று நான் பொறுமையாகச் சொன்னேன். வகுப்பை விட்ட பிறகு நான் நடத்திய ஒரே பாடம் அது. கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து, வாசலில் நுழையும்போதே "பம்பு அடிச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு மத்தியானம், பாப்பாவின் மூக்கருகில் விரலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார். எத்தனை நாளாக இப்படி என்றார். தெரியாது என்றேன். எப்போது தூங்கினேன் என்பதும் எனக்கு நினைவில்லை.

"டீச்சரு, இது யாரு பிள்ள?"

நான் விரலை எடுக்காமலே திரும்பினேன்.

"தவுட்டக் குடுத்து வாங்குனது யாரு? நாந்தான? அடுத்தவ பிள்ளைக்கு யாராச்சும் இம்புட்டுப் பயப்படுவாகளா? போயிப் படுங்க. என் லோட நான் பாத்துக்கிருவேன்."

சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாப்பா அவர் மடியில் இருந்தாள். பிள்ளையைப் பெற்ற பிறகு நான் முழுதாகத் தூங்கிய முதல் தூக்கம் அது. பாப்பா என்னிடமிருந்து பறிபோய்விட்டதாகத் தோன்றவில்லை. என் கையையும் தாண்டி அவளைப் பிடித்திருக்கிற கை வேறு இருக்கிறது என்று தோன்றியது. அந்த எண்ணத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. சட்டையில் கிரீஸ் வாசம் அடிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் பார்த்தேன்.

பாப்பா நடக்கத் தொடங்கியிருந்த தை மாதத்தில் அது நடந்தது.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் எங்கள் ஊர்ச் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சையும் காவியும் கட்டி, காவடியும் மூட்டையுமாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் சாலையை நிரப்பிக்கொண்டு போவார்கள். வண்டிகள் அவர்கள் பின்னால் ஊரும். அன்று காலையிலிருந்தே பாப்பாவுக்கு இழுப்பு. மருந்து கொடுத்தேன், அடங்கியது. மத்தியானம் மறுபடி தொடங்கியது, இந்த முறை அடங்கவில்லை. விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, இன்னொரு தடவை மருந்து அடித்துப் பார்க்கலாமா? போன முறை பயந்து ஓடியபோது ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வழியெல்லாம் கூட்டம், தாமதமாகும் என்றார்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே போனேன். மறுபடி வாசலுக்கு வந்தேன்.

அக்கா அப்போதுதான் சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். பின்னால், அன்று ஊருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் ஏற்றிய கத்தரிக்காய் மூட்டைகள். சாப்பிட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய லோடு. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து பாப்பாவின் நெஞ்சில் காதை வைத்தார். முகம் மாறியது.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, டீச்சரு. நீங்க படிச்சவங்க. போகணுமா, வேணாமா?"

"போகலாம்னுதான் தோணுது... ஆனா போன தடவ..."

"ரெண்டு மனசா பேசாதீங்க. ஒத்த வார்த்த சொல்லுங்க."

பாப்பாவின் உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் நீலம். "போகணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வண்டியில் ஏறிய பிறகுதான் மூட்டைகள் நினைவுக்கு வந்தன. "அக்கா, லோடு?" என்றேன்.

"இதுதான முந்தி ஏத்துன லோடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி பழனி சாலையில் இருக்கிறது. அந்தச் சாலைக்குத் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் மேளமும் காவடியுமாக ஒரு பெரிய கூட்டம். அக்கா ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நடந்துபோன ஒருவர் மட்டும் திரும்பினார். ஒல்லியானவர், பச்சை வேட்டி, வலது பாதத்தில் துணிக்கட்டு, கட்டில் ரத்தம் ஊறியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. தோளில் இருந்த மூட்டையைச் சாலையோரம் வைத்துவிட்டு, எங்களுக்கு முன்னால் ஓடினார்.

அந்தக் காலோடு ஓடினார். இரண்டு கையையும் விரித்து, கத்திக்கொண்டே ஓடினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் ஓடினார்கள். மேளம் நின்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஓரம் போயிற்று. முன்னால் போனவர்கள் கையோடு கை கோத்து, வண்டி போகிற அளவுக்கு வழி பிடித்துக்கொண்டார்கள். பஸ் டிரைவர் இடப்பக்கம் ஒதுங்கினார். நடுவில் அந்தத் துணிக்கட்டுக் கால் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அந்தக் காலை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் பாப்பாவிடம் மூச்சு விடு, மூச்சு விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரையும் கும்பிடத் தோன்றவில்லை. கும்பிடாமலேதான் வழி திறந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பாப்பாவை வாங்கி ஆக்சிஜன் வைத்தார்கள். நான் உள்ளே ஓடிவிட்டேன். வெளியே சீட்டுப் போடுகிற பெண், பிள்ளைக்கு நீங்கள் யார் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். "வாங்குனவ" என்றாராம் அக்கா. "பெத்தவ உள்ள இருக்கா."

இழுப்பு அடங்கிவிட்டது, நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு வெளியே வந்தேன். அக்கா வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார்.  டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். "அந்தக் கட்டுக்கால்காரரு எங்க?" என்றார்.

கேட் வரை வந்தவர், வைத்துவிட்டு வந்த மூட்டையை எடுக்க வந்த வழியே நொண்டிக்கொண்டு திரும்பிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். அக்கா எழுந்து சாலைவரை போய்ப் பார்த்தார். சாலை முழுக்கப் பச்சை வேட்டிகள்தான். திரும்பி வந்து, "சொல்லாமக் கொள்ளாம எப்பிடிப் போவாரு?" என்றார் கோபமாக. தன் வாழ்க்கையில் எதையும் கேட்டு வாங்காதவருக்கு, கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கத்தரிக்காயை மறுநாள்தான் மார்க்கெட்டில் சேர்த்தார். பாதி சுருங்கிப்போயிருந்தது. தோட்டக்காரர் கத்தியதற்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையாம்.

அடுத்த தையில், மார்க்கெட்டில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வீட்டுக்கு வருகிறவர், பழனி சாலையிலேயே நின்றுவிட்டார். நடந்து போகிறவர்களின் மூட்டைகளை வாங்கி வண்டியில் போட்டு, ரெட்டியார்சத்திரம் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி திண்டுக்கல் வந்து ஏற்றினார். ஒரு பைசா வாங்கவில்லை. சந்தில் இதுவே பேச்சு. வண்டியக்காவுக்குப் பக்தி வந்துவிட்டது, அடுத்து மாலை போட்டுவிடுவார் என்று கிண்டல் செய்தார்கள். நானும் நம்பிக் கேட்டேன்.

"சாமிய யாரு தேடுறா?" என்றார். "நான் அந்தக் கட்டுக்காலத் தேடுறேன்."

கிடைத்தாரா என்று கேட்டேன். கட்டுப் போட்ட கால்கள் நிறைய வருகின்றன, எது அவருடையது என்று தெரியவில்லை, அதனால் எல்லோரையும் கேட்கிறேன் என்றார். சொல்லிவிட்டு டயரைத் தட்டப் போய்விட்டார்.

பாப்பா தேறினாள். இழுப்பு வரும் இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று. தன்னை யாருடைய பிள்ளை என்று கேட்டால், என்னையும் எதிர்வீட்டு வண்டியையும் மாறி மாறிக் காட்டுவாள். அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காது குத்த வேண்டும், அடுத்தவள் பிள்ளையைக் கொண்டுபோய் நம் அம்மன் முன்னால் எப்படி உட்கார வைப்பது என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அக்கா, இன்னும் தேறட்டும் என்றார்.

பிறகு ஒரு நாள் அவரே வந்தார். உடுமலைப் பக்கம் பெரிய வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்கள், தங்கச்சி வீடும் அங்கேதான், போகிறேன் என்றார். "போறதுக்கு முந்தி பிள்ளைய இறக்கிறணும். பெரியம்மாவுக்குச் சொல்லுங்க."

தவிடு வாங்கிய நாளில் சிரித்தவள் நான்தான். இப்போது, இன்னும் ஒரு மழைக்காலம் போகட்டுமே அக்கா என்று கெஞ்சினேன். திருப்பி வாங்கினால் நோயும் திரும்பிவிடுமோ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவருக்கே புரிந்துவிட்டது.

"அன்னைக்கு 'போகணும்'னு சொன்னது யாரு? நானா சொன்னேன்? எனக்கு ஓட்டத்தான் தெரியும்" என்றார். "அந்தக் கொரல்லயே இருங்க. நடுங்குற கையில நான் லோடு மாத்த மாட்டேன்."

அகரத்தில் அம்மன் கோயிலுக்கு முன்னால் குட்டியானை வந்து நின்றது. அத்தை சொளகோடும் தவிட்டோடும் வெல்லத்தோடும் சந்நிதியில் காத்திருந்தார். அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசற்படிவரை வந்து நின்றார். இங்கேயே வாங்கிக்கொள்ளுங்களேன் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை; அம்மன் பார்க்கத்தான் மாற்ற வேண்டும் என்றார்.

"அங்கதான் எறக்கணுமா?" என்று கேட்டார் அக்கா. ஆமாம் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். சொன்ன இடத்தில் சேர்ப்பதற்கு அவர் எங்கேயும் போவார்.

பூசாரி தீபாராதனை காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம். கும்பிட்டுக்கொள் என்றார் பூசாரி அக்காவைப் பார்த்து. "கை காலியா இல்ல" என்றார் அக்கா. பொய்யில்லை. இரண்டு கையிலும் பாப்பா இருந்தாள்.

அத்தை தவிட்டை அவர் முந்தானையில் போட்டார். அக்கா பாப்பாவின் நெஞ்சில் கடைசியாக ஒருமுறை காதை வைத்தார். நேரம் எடுத்துக் கேட்டார். "சரியா ஏறுது" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். என் கையைப் பார்த்தார். நடுங்காமல் வாங்கினேன்.

அவருடைய கைகள் மட்டும் அப்படியே நின்றன. பிள்ளையைத் தந்த பிறகும், பிள்ளை இருப்பதுபோலவே முன்னால் விரிந்திருந்தன. குவியவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. என்ன செய்வது என்று அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. தட்டோடு வந்துகொண்டிருந்த பூசாரி, ஏந்தி நிற்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த உள்ளங்கையில் திருநீற்றையும் குங்குமத்தையும் வைத்துவிட்டார்.

அக்கா விலகவில்லை. கையில் இருந்ததைப் பார்த்தார். பிறகு பூசாரியைப் பார்த்து, ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கிற கேள்வியை அதே குரலில் கேட்டார்.

"இத எங்க கொண்டுபோயிச் சேக்கணும்?"

பூசாரிக்குக் கேள்வி விளங்கவில்லை. "எங்கயும் சேக்க வேணாம் ஆத்தா" என்றார். "ஒனக்குத்தான்."

அக்கா கையை மூடிக்கொண்டார். அப்படியே வெளியே நடந்தார். கோயில் வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் அவர் வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனதை, பாப்பாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் தோளில் தூங்கியிருந்தாள். அவள் மூக்கருகே நான் விரலை வைக்கவில்லை.